நவீனக் கலைக்கூடத்தில் தேநீருக்கு என்ன வேலை?

லண்டனோ சாவ் பாவ்லோவோ கனசாவாவோ, எந்த ஊராக இருந்தாலும் சரி, ஒரு நவீனக் கலைக்கூடத்தில் ஜப்பானியக் கலை நிகழ்ச்சி என்றால் அதன் அறிவிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் கலைஞரின் பெயர், கண்காட்சி நடக்கும் தேதிகள். கீழே சின்ன எழுத்தில் சனிக்கிழமை தேநீர், ஞாயிற்றுக்கிழமை மலர் அமைப்பு, இன்னொரு நாள் உடைந்த கோப்பையை ஒட்டிச் சீராக்கும் பயிற்சி, மரக்கட்டை அச்சின் செய்முறை, குழந்தைகளுக்குக் காகித மடிப்பு. முதன்முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலே இருப்பதுதான் கலை, கீழே இருப்பதெல்லாம் கூட்டம் சேர்க்கப் போட்ட கொசுறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. பல சமயம் அந்தச் சின்ன எழுத்தில்தான் நிகழ்ச்சியின் உயிரே இருக்கிறது. சுவரில் தொங்குவதைப் புரிந்துகொள்ளக்கூட அங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது. ஏன் என்று சொல்ல ஒரு சொல் பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

1873-இல் வியன்னாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஜப்பானுக்கும் அழைப்பு வந்தது. எந்தப் பொருளை எந்தப் பிரிவில் வைக்க வேண்டும் என்ற விதிகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. அதில் கலை என்று ஒரு பிரிவு. முந்தைய ஆண்டில் அதை மொழிபெயர்க்க உட்கார்ந்த அதிகாரிகளுக்கு, அந்தப் பொருளுக்கு நேராக வைக்கத் தங்கள் மொழியில் ஒரு சொல் கிடைக்கவில்லை. அழகு என்ற எழுத்தையும் வித்தை என்ற எழுத்தையும் சேர்த்து ‘பிஜுட்சு’ என்று ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார்கள். படிப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று பக்கத்திலேயே, மேலை நாடுகளில் இசை, ஓவியம், சிலை வடித்தல், கவிதை போன்றவற்றை இப்படிச் சொல்வார்கள் என்று ஒரு விளக்கமும் எழுதிவைத்தார்கள். இன்று ஜப்பானில் எந்த ஓவியக் கூடத்தின் பெயர்ப்பலகையிலும் இருக்கும் அந்தச் சொல்லுக்கு வயது 150 சொச்சம்தான்.

அப்படியானால் அதற்கு முன்னால் ஜப்பானில் கலையே இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். ஏராளமாக இருந்தது, தனியாகப் பிரித்து வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். நமக்கு இது புரிவது கடினமில்லை. ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று சொல்கிறோமே, அந்தப் பட்டியலில் பாட்டும் ஆட்டமும் ஓவியமும் இருக்கிற அதே வரிசையில் பூத்தொடுப்பதும் சமைப்பதும் படுக்கை விரிப்பதும் இருக்கின்றன. ஜப்பானிலும் ஏறத்தாழ அப்படித்தான். தேநீர் ஒரு வழி, மலர் ஒரு வழி, தூரிகையால் எழுதுவது ஒரு வழி. ‘தோ’ என்று முடியும் பெயர்களில் எல்லாம் அந்த ‘வழி’ இருக்கிறது. சாதோ என்றால் தேநீரின் வழி, காதோ மலரின் வழி, ஷோதோ எழுத்தின் வழி. அந்த வழியில் ஆயுள் முழுக்க நடப்பார்கள். முடிவில் சுவரில் மாட்ட ஒரு பொருள் மிஞ்ச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

புதுச் சொல் வந்ததும் சண்டையும் வந்தது. 1882-இல் ஓவியர் கொயாமா ஷோதாரோ, தூரிகை எழுத்து கலையே அல்ல என்று ஒரு கட்டுரை எழுதினார். அதை மறுத்து எழுதியவர் ஒக்காகுரா கக்குஸோ. பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு நெருங்கிப் பழகியவரும், தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி அதை உலகத்துக்குச் சொன்னவரும் இவர்தான். ஆயிரம் வருடமாகத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய எழுத்துக் கலை, ஒரு மொழிபெயர்ப்புச் சொல் வந்த பத்து வருடத்துக்குள் தான் கலைதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமைக்குப் போய்விட்டது. மண்பாண்டம், அரக்குப் பூச்சு, நெசவு எல்லாம் ‘கோகெய்’, அதாவது கைவினை, என்ற தனி அறைக்கு அனுப்பப்பட்டன. இந்தப் பிரிவினையை ஜப்பானியக் கலைஞர்கள் பலர் இன்றுவரை மனதார ஏற்றுக்கொள்ளவில்லை. நவீனக் கலைக்கூடத்துக்குள் தேநீரும் பூவும் திரும்பத் திரும்ப வந்து உட்கார்வதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

சரி, தேநீருக்கு வருவோம்.

‘சானோயு’ என்பது பழைய பெயர், தேநீருக்கான வெந்நீர் என்று பொருள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சாதாரணப் பெயர் வைத்தார்களே என்று எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. செய்வதைச் சொன்னால் மிக எளிது. அடுப்பில் நீர் கொதிக்கிறது, பொடியாக அரைத்த பச்சைத் தேயிலையை மூங்கில் கரண்டியால் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கிலை மெல்லிய இழைகளாகச் சீவிச் செய்த சிறு மத்தால் நுரை வரக் கலக்கி, விருந்தாளியின் கையில் கொடுக்கிறார்கள். இதை முழுமையாக, சாப்பாட்டோடும் கெட்டித் தேநீரோடும் சேர்த்து நடத்தினால் நாலு மணி நேரம் ஆகும். கலைக்கூடங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதியை மட்டும், அதாவது இனிப்பும் மெல்லிய தேநீரும்தான்.

இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் சென் நோ ரிக்யூ. 1522-இல் சக்காய் என்ற வணிக நகரத்தில் பிறந்தவர், நாட்டை ஆண்ட ஹிதெயோஷியின் தேநீர் ஆசானாக இருந்தவர். கியோட்டோ அருகே யமசாக்கியில் அவருடையது என்று சொல்லப்படும் தேநீர் அறை ஒன்று இருக்கிறது, தாய்-ஆன் என்று பெயர், தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருக்கிறார்கள். விருந்தினரும் உபசரிப்பவரும் உட்காரும் இடம் எவ்வளவு தெரியுமா? இரண்டு பாய். ஜப்பானியத் ததாமி என்பது கோரை வேய்ந்த கனமான விரிப்பு, ஒன்று ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. ஆக ஆறடிக்கு ஆறடி, நம் வீட்டுப் பூஜையறை அளவு. உள்ளே போகும் வழியும் ஏறக்குறைய இரண்டரை அடிதான், நிமிர்ந்து நடந்து போக முடியாது, முட்டி போட்டுத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். இடுப்பில் வாளோடு நுழைய முடியாது, அதை வெளியே வைத்துவிட வேண்டும். பிரபுவும் வியாபாரியும் ஒரே மாதிரி குனிந்து, ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். நாட்டில் போர் ஓயாத காலத்தில் கட்டிய அறை என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். ஓர் அறையின் அளவையும் வாசலின் உயரத்தையும் வைத்தே உள்ளே இருக்கும் மனிதர்களுக்கிடையிலான உறவை மாற்றிவிடுகிறார் ரிக்யூ. இன்றைய கலைக்கூடங்களில் ‘இன்ஸ்டலேஷன்’ என்று சொல்கிறோமே, நாம் உள்ளே நுழைந்து உடம்பால் அனுபவிக்கும் படைப்பு, அதை 400 வருடத்துக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார்கள்.

அதே ஹிதெயோஷி இன்னொரு பக்கம் முழுக்கத் தங்கத் தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றைச் செய்யச் சொல்லி, கழற்றி மாட்டும்படி அமைத்து, 1586-இல் பேரரசரின் அரண்மனைக்கே கொண்டுபோய் வைத்தார். அடுத்த வருடம், 1587-இல், கியோட்டோவின் கித்தானோ கோயில் வளாகத்தில் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு தேநீர் விழா அறிவித்தார். அதன் அறிவிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தேநீரில் ஆசை இருந்தால் போதும், குடியானவனும் வரலாம், வேலைக்காரனும் வரலாம், வெளிநாட்டவரும் வரலாம், ஒரு கெண்டியும் ஒரு கிண்ணமும் கொண்டுவந்தால் சரி, தேயிலை வாங்க வசதி இல்லையென்றால் வறுத்த மாவைக் கரைத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை என்று எழுதப்பட்டிருந்தது. பத்து நாள் நடக்க இருந்த விழா முதல் நாளோடு நின்றுபோனது, ஆனாலும் பொதுமக்களுக்கான கலை நிகழ்ச்சி என்று இன்று எந்தக் கூடம் அறிவித்தாலும் எனக்கு கித்தானோ விழாதான் ஞாபகம் வருகிறது.

நவீனக் கலைஞர்கள் இந்த அறையை இன்னும் விட்டபாடில்லை. புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 2014-இல் வெனிஸ் நகரின் ஒரு தீவில் முழுக்கக் கண்ணாடியால் தேநீர் அறை கட்டினார். உள்ளே நடப்பதை வெளியே நிற்பவர்கள் பார்க்கலாம், மறைவிடமாக இருந்த ஒன்று மீன் தொட்டி போல ஆகிவிடுகிறது. கட்டடக் கலைஞர் தெருனோபு ஃபுஜிமோரி, 2004-இல் தன் சொந்த ஊரில் இரண்டு மரத்தண்டுகளின் உச்சியில் ஒரு தேநீர் அறையை ஏற்றி வைத்தார், ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். பெயரே ‘ரொம்ப உயரத்தில் இருக்கும் தேநீர் அறை’. இவற்றையெல்லாம் சுவரில் புகைப்படமாகப் பார்த்தால் விசித்திரமான சின்னக் கட்டடங்களாகத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை பாயில் உட்கார்ந்து தேநீர் குடித்தவருக்கு இரண்டு பேரும் எதோடு விளையாடுகிறார்கள் என்பது பட்டென்று புரிந்துவிடும்.

அப்புறம் பூ. இக்கெபானா என்று நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் அடிக்கடி படித்திருப்பீர்கள். கியோட்டோவின் ரொக்காக்குதோ கோயிலில் புத்தருக்குப் பூ வைத்த துறவிகளிடமிருந்து வளர்ந்த கலை இது. அந்தத் துறவிகளில் ஒருவர் வைத்த பூவைப் பார்க்க ஊரே திரண்டது என்று 1462-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. கொத்தாக, நிறைய, நிறமாக வைப்பது இதன் நோக்கமில்லை. ஒரு கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, அதற்கும் அடுத்த கிளைக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம், அதுதான் கணக்கு. நாளைக்கு வாடிவிடும் என்று தெரிந்தேதான் வைக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஜப்பானிய நவீனக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூடப் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. 1954-இல் கோபே அருகே அஷியா என்ற ஊரில் ஜிரோ யோஷிஹாரா தலைமையில் ‘குதாய்’ என்ற குழு தொடங்கியது. யாரும் செய்யாததைச் செய் என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். மறுவருடம் அக்டோபரில் தோக்கியோவில் அவர்களுடைய முதல் கண்காட்சி நடந்தது. அதில் கசுவோ ஷிராகா சேற்றுக் குவியலில் விழுந்து புரண்டு உடம்பாலேயே உருவம் பிடித்தார், சபுரோ முரகாமி சட்டங்களில் இழுத்துக் கட்டிய காகிதங்களைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார், அத்சுகோ தனாக்கா அறை நெடுக மின்மணிகளை வைத்து, வருகிறவர்களே பொத்தானை அழுத்தி ஒலியை வரிசையாக ஓடவிடும்படி செய்தார். உலகக் கலை வரலாற்றில் இன்று பாடமாக இருக்கும் செயல்கள் இவை. நடந்த இடம் எது? ஒஹாரா மண்டபம். ஒஹாரா என்பது ஒரு மலர் அமைப்புப் பள்ளி. அடுத்த வருடம் தனாக்கா நூற்றுக்கும் மேற்பட்ட வண்ண மின்விளக்குகளை உடையாக மாட்டிக்கொண்டு நின்றதும் அதே மண்டபத்தில்தான்.

ஏதோ தற்செயல், மண்டபம் கிடைத்தது, போனார்கள் என்று நினைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். 1927-இல் சோஃபு தெஷிகஹாரா என்பவர் ‘சோகெட்சு’ என்ற மலர்ப் பள்ளியைத் தொடங்கினார். பூ மட்டுமல்ல, வேரும் இரும்பும் கல்லும்கூட மலர் அமைப்புக்குள் வரலாம் என்றவர். 1958-இல் அந்தப் பள்ளியின் கட்டடத்திலேயே ஒரு கலை மையம் தொடங்கி, அவருடைய மகன் ஹிரோஷி அதை நடத்தினார். 1962-இல் அமெரிக்க இசைக் கலைஞர் ஜான் கேஜ் ஜப்பானுக்கு வந்து அரங்கேறியது இங்கே. அதே வருடம் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ இங்கே நடத்திய கண்காட்சியில் ஓவியமே இல்லை, ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்புகளை மட்டும் காகிதத்தில் எழுதித் தொங்கவிட்டார், படிப்பவர் மனதுக்குள் வரைந்துகொள்ள வேண்டியதுதான். பூ வைக்கச் சொல்லிக்கொடுக்கும் இடம்தான் நாட்டின் மிகப் புதிய கலைக்கும் கதவைத் திறந்துவிட்டது. செய்து முடித்ததும் கலைந்து போகும் ஒன்று கலையாக இருக்க முடியுமா என்ற கேள்வி மேற்கில் அப்போது பெரிய விவாதம். மலர்ப் பள்ளிக்காரர்களுக்கு அது கேள்வியே இல்லை, அவர்கள் 500 வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்!

சோகெட்சுவின் இப்போதைய கட்டடம் 1977-இல் எழுந்தது, வடிவமைத்தவர் கென்சோ தாங்கே. கீழ்த்தளத்தில் படிப்படியாக ஏறும் ஒரு கல் தோட்டம், நடுவே நீர் ஓடும். அதைச் செய்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. இந்தப் பெயரில் தமிழ் வாசகருக்கு ஒரு பழைய அறிமுகம் உண்டு. பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதினார், ஹைக்கூ என்ற வடிவத்தைத் தமிழில் முதலில் பேசியது அதுதான் என்பார்கள். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துப் பேசும் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி. சிற்பி இசாமு அவருடைய மகன்.

செய்வதும் பார்ப்பதும் ஒன்றாக இருக்கும் இந்த வழக்கம் இன்றைக்கும் தொடர்கிறது. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கலைக்கூடத்துக்காகக் குழந்தைகளை நினைத்து ஓர் அறை செய்தார். மேசை, நாற்காலி, சுவர், எல்லாமே வெள்ளை. வருகிறவர் கையில் வண்ணப் பொட்டுகள் கொடுக்கப்படும், எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். கண்காட்சி முடியும்போது வெள்ளை காணாமல் போயிருக்கும். யோகோ ஓனோவின் ‘வேண்டுதல் மரம்’ 1996-இலிருந்து பல நாடுகளில் வைக்கப்படுகிறது, சின்னச் சீட்டில் உங்கள் ஆசையை எழுதிக் கிளையில் கட்ட வேண்டும். சிறு வயதில் கோயில் மரங்களில் சீட்டுக் கட்டிய ஞாபகத்திலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இதில் கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் நீங்கள் படைப்பைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். எழுதிக் கட்டுங்கள்.

இப்போது உடைந்த கோப்பை. கின்ட்சுகி என்று இதற்குப் பெயர், தங்கத்தால் இணைப்பது. சமூக ஊடகங்களில் இதைப் பற்றிய தத்துவம் நிறைய ஓடுகிறது, மனக்காயம், மீண்டு வருவது என்றெல்லாம். கையால் எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒட்டுவது தங்கமே அல்ல, உருஷி என்ற மரத்தின் பால். அதைக் கோதுமை மாவோடு பிசைந்து பசையாக்கி உடைந்த துண்டுகளைச் சேர்ப்பார்கள். சில்லு போன இடத்தை மண்பொடி கலந்த உருஷியால் நிரப்புவார்கள். காய்ந்ததும் தேய்ப்பார்கள், மேலே மெல்லிய கோடாக உருஷி இழுத்து, அது முழுக்கக் காயும் முன் தங்கப் பொடியைத் தூவுவார்கள். இந்தப் பால் காய்வதற்கு வெயில் உதவாது, ஈரக் காற்று வேண்டும், அதனால் ஈரப்பதம் வைத்த பெட்டிக்குள் வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். ஒரு கோப்பைக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று பண்ருட்டிக்காரர்களுக்குத் தெரியுமே, அதே வகைதான், முந்திரி, மா, சேராங்கொட்டை எல்லாம் உருஷிக்கு ஒரே தாவரக் குடும்பம்.

அதனால் இரண்டு மணி நேரப் பயிற்சி என்று கூடத்தில் அறிவித்தால், அங்கே பெரும்பாலும் கடையில் கிடைக்கும் ரசாயனப் பசையும் பித்தளைப் பொடியும்தான் இருக்கும். தவறில்லை, கை பழக அது போதும். ஆனால் அப்படி ஒட்டிய கோப்பையில் காபி ஊற்றிக் குடிக்காதீர்கள், அலமாரியில் வையுங்கள். என்ன பசை பயன்படுத்துகிறீர்கள் என்று நடத்துபவரிடம் தயங்காமல் கேளுங்கள், தொழில் தெரிந்தவர் மகிழ்ச்சியாகவே சொல்வார்.

மரக்கட்டை அச்சுச் செய்முறை இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது, 1831 வாக்கில் வந்தது. அது ஒரு மனிதர் வரைந்து முடித்த ஓவியமல்ல. பதிப்பாளர் பணம் போட, ஓவியர் கோடு வரைய, செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் வெட்ட, அச்சிடுபவர் ஒவ்வொரு நிறமாக ஏற்ற, நாலு தொழில் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த தாள். நிறத்துக்கு நிறம் பலகை மாறும், ஆனாலும் கோடு பிசகக் கூடாது. அதற்காகப் பலகையின் மூலையில் ‘கெந்தோ’ என்ற சின்ன வெட்டு இருக்கும், தாளின் மூலையை அதில் பொருத்தித்தான் ஒவ்வொரு தடவையும் படிய வைப்பார்கள். அப்புறம் மூங்கில் உறை போர்த்திய வட்டத் தேய்ப்பானால் முதுகிலிருந்து அழுத்தித் தேய்ப்பார்கள். இயந்திரம் எதுவும் கிடையாது. வானம் மேலே அடர்ந்து கீழே வெளுப்பதெல்லாம் ஈரத் துணியாலும் தூரிகையாலும் பலகையிலேயே செய்கிற கைவேலை. அரை மணி நேரம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுச் சுவரில் இருக்கும் தாளிடம் போய் நின்றால், தேய்ப்பான் போன சுழிகூடத் தெரியும்.

இதெல்லாம் ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கனசாவாவைச் சொல்வேன். ஜப்பானின் மேற்குக் கரையோர நகரம். மயேதா குடும்பம் ஆண்ட காலத்தில், போருக்குச் செலவழிக்காத பணத்தையெல்லாம் கைவினைக்கும் தேநீருக்கும் கொட்டியிருக்கிறார்கள். 1666-இல் கியோட்டோவிலிருந்து ஒரு தேநீர் ஆசானை வரவழைக்க, அவரோடு வந்த குயவர் அங்கேயே தங்கிப்போய் ஒஹி என்ற மண்பாண்ட மரபையே தொடங்கினார். ஜப்பானின் தங்கத் தகடு ஏறக்குறைய முழுவதும் இன்றும் இந்த ஊரில்தான் அடிக்கப்படுகிறது. இப்படிப்பட்ட பழைய ஊரின் நடுவில் 2004 அக்டோபரில் 21-ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கசுயோ செஜிமாவும் ரியூயே நிஷிசாவாவும் வடிவமைத்த அந்தக் கட்டடம் 112.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம், சுற்றிலும் கண்ணாடி. முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது, எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரு வாசல் இருக்கும். ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘மருபி’. மரு என்றால் வட்டம், பி என்பது பிஜுட்சுவின் பி.

உள்ளே அர்ஜென்டினக் கலைஞர் லியாண்ட்ரோ எர்லிச் செய்த நீச்சல் குளம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் நிறையத் தண்ணீர், கீழே ஆட்கள் உடை நனையாமல் நடந்துகொண்டிருப்பார்கள். கண்ணாடி மேல் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான் என்பது அப்புறம்தான் புரியும். எல்லாரும் படமெடுக்கக் கூடுவது இங்கேதான். அதே வளாகத்தில் மரங்களுக்கிடையே தேநீர் இல்லங்களும் இருக்கின்றன, அங்கே கூட்டம் இருக்காது. இரண்டும் ஒரே நிலத்தில் இருப்பதில்தான் இந்த இடத்தின் அழகு. வட்டத்தின் வெளி வளையம் டிக்கெட் இல்லாமல் நடக்கும் பொது இடம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். திறந்த முதல் வருடம் நகரத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அத்தனை பேரையும் வகுப்பு வகுப்பாக அழைத்துவந்து காட்டினார்கள், போகும்போது இன்னொரு முறை வர இலவசச் சீட்டும் கையில் கொடுத்தார்கள். பிள்ளை அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பெற்றோரை இழுத்து வரும் இல்லையா, அதுதான் கணக்கு. 2024 புத்தாண்டு தினத்தில் நோட்டோ தீபகற்பத்தில் வந்த நிலநடுக்கத்தில் காட்சி அறைகளின் கூரைக் கண்ணாடிகள் சில விழுந்து, அந்தப் பகுதியை ஜூன் வரை மூட வேண்டியிருந்தது. இப்போது திறந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, ஜப்பான் அரசின் முயற்சியில் 2017-18-இல் திறந்த ‘ஜப்பான் ஹவுஸ்’ கூடங்கள் லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ், சாவ் பாவ்லோ ஆகிய மூன்று நகரங்களில் இருக்கின்றன. அங்கே இருக்கும் நம்மவர்கள் போய்வரலாம்.

போகும்போது சில விஷயங்கள். தேநீர் நிகழ்வுக்குச் சுத்தமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், பாயில் ஏற வேண்டியிருக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். வாசனைத் திரவியம் வேண்டாம், அந்தச் சின்ன அறையில் தேயிலை மணத்தையும் கரி மணத்தையும் அது அமுக்கிவிடும். மண்டியிட்டு உட்கார முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், முக்காலி தருவார்கள். உள்ளே போனதும் முதலில் சுவர் மாடத்தைப் பாருங்கள், ஒரு எழுத்துச் சுருளும் ஒரு பூவும் இருக்கும். அன்றைய விருந்துக்காகவே, அன்றைக்கு வரும் உங்களை நினைத்துத் தேர்ந்தெடுத்தவை அவை. இனிப்பைத் தேநீருக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், கசப்பு அதன் மேல்தான் உட்கார வேண்டும். கிண்ணத்தின் அழகான முகத்தை உங்கள் பக்கம் திருப்பித்தான் தருவார்கள், அந்த முகத்தில் வாய் வைக்காமல் கொஞ்சம் திருப்பிக்கொண்டு குடியுங்கள். எத்தனை தடவை திருப்புவது என்றெல்லாம் பதற வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

குடித்து முடித்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, பாயை விட்டு அதிகம் தூக்காமல், கிண்ணத்தைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். குயவரின் விரல் பட்ட இடம் அங்கேதான் தெரியும். அடுத்து அந்த மூங்கில் கரண்டியைக் காட்டி, இதற்கு ஏதாவது பெயர் உண்டா என்று கேளுங்கள். சாண் நீளம்கூட இல்லாத மூங்கில் துண்டுதான், ஆனாலும் பல கரண்டிகளுக்குப் பெயர் உண்டு. 1591-இல் ஹிதெயோஷி ரிக்யூவை உயிரை விடும்படி கட்டளையிட்டார். சாவதற்கு முன் கடைசியாக நடத்திய தேநீர் விருந்துக்காக அவர் தன் கையால் ஒரு கரண்டி செதுக்கி, சீடர் ஒரிபேவுக்குக் கொடுத்தார். ஒரிபே அதற்கு ஓர் உறை செய்து, அதில் ஒரு சின்னச் சன்னல் வெட்டி, அதன் வழியே கரண்டியைப் பார்த்து ஆசானை வணங்கிவந்தார் என்று சொல்வார்கள். நகோயாவில் தொகுகவா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது அந்தக் கரண்டி. அதன் பெயர் ‘நமிதா’, கண்ணீர்.